பெல்ட்டின் முதுகு

போன் அடித்தபோது மில்காரரின் கையில் அறுத்த பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. மாவு மில்லுக்கு விடுமுறை. வீட்டுக்கு முன்னால் தகரக் கூரையின் கீழே அவருடைய பழைய கார், பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவன் மாதிரி வாயை அகலத் திறந்துகொண்டு நின்றது. மூன்று வாரமாக, சாவியைத் திருப்பினால் போதும், வண்டி போடும் கீச்சுச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைக்கும். எதிர்வீட்டுக்காரர் தினமும், "உங்க வண்டி இருக்கிற வரைக்கும் எனக்கு அலாரம் வேண்டாம் சார்" என்பார். ஒர்க்‌ஷாப்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அன்றே சொல்லிவிட்டார். "ரெண்டு பெல்ட்டும் வெடிச்சுப் போச்சு. வண்டியை விட்டுட்டுப் போங்க. அரை மணி நேர வேலை."

மில்காரர் விட்டுவிட்டுப் போகவில்லை. பெல்ட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். "இருபத்தஞ்சு வருஷமா பெல்ட்டோடதான் குடும்பம் நடத்துறேன். எனக்கு இன்னொருத்தன் வந்து பெல்ட் மாத்தணுமா?" என்று வீட்டில் கேட்டார். கேட்டதோடு சரி. புது பெல்ட்டுகள் மூன்று வாரம் சமையலறை ஆணியில் தொங்கின.

இன்றைக்குத்தான் கை வைத்தார். முதல் பெல்ட் ஏ.சி.யுடையது. குட்டி. இரண்டே சக்கரம். கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது பெரியது. எஞ்சினின் அடிச்சக்கரத்தில் கிளம்பி, டைனமோ, ஸ்டீயரிங் பம்ப், தண்ணீர் பம்ப் என்று ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் ஒரே வளையம். அதை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும் டென்ஷனர் கையை எப்படி விலக்குவது என்று தெரியவில்லை. ஐந்து நிமிடம் மல்லுக்கட்டிப் பார்த்தார். அப்புறம் மில்லில் செய்வதைச் செய்தார். கத்தியை எடுத்து ஒரே இழுப்பு.

மில்லில் அது தப்பே இல்லை. அங்கே பெல்ட் என்றால் நீளப் பட்டை. வெட்டு, அள, க்ளிப் அடித்துச் சேர், ஓட்டு. இங்கே வெட்டியதும், எந்தச் சக்கரத்தை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போயிருந்தது என்கிற தடமும் சேர்ந்து அறுந்து, மொத்தமாகக் கையில் வந்து விழுந்தது.

"என்னங்க."

அவர் மனைவி சுவரைத் தொட்டபடி வாசலுக்கு வந்தாள். கையில் போன். வலது கண்ணில் பால் கலந்த மாதிரி வெள்ளை. இடது கண்ணுக்கு ஆள் தெரியும், முகம் தெரியாது. பதினெட்டு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். ஒற்றை எழுத்துக்கள் இரட்டையாகத் தெரிய ஆரம்பித்த மாதம் அந்த வேலை போனது. அதற்கப்புறம் தானமாக வரும் கருவிழிக்காக ஆஸ்பத்திரி லிஸ்டில் பெயரைக் கொடுத்துவிட்டுப் பதினாலு மாதமாகக் காத்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து. கருவிழி வந்திருக்காம். என் முறையாம்."

மில்காரர் நிமிர்ந்ததில் பானட்டில் தலை இடித்தது.

"எப்போ?"

"இன்னைக்கே. மூணு மணிக்குள்ள அங்க இருக்கணும். இல்லைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. இப்பலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாம்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "வண்டி ரெடியா?"

நூற்று முப்பது கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரம். மில்காரர் கையிலிருந்த பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவளுக்கு எப்படியும் தெரிந்திருக்காது.

"ரெடியாகிட்டே இருக்கு" என்றார்.

பத்தாவது நிமிடம் அவளுடைய தம்பி வந்து நின்றான். பஸ் கண்டக்டர். பக்கத்துத் தெரு. அக்காவின் போனைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு ஓடிவந்திருந்தான். கொட்டகையை ஒரு பார்வை பார்த்தான்.

"என்ன அத்தான், ஆபரேஷன் அக்காவுக்கா, வண்டிக்கா?"

"வாயை மூடிட்டு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போன் போடுடா மாப்ள."

போட்டான். இருந்த இரண்டு டாக்ஸியும் கல்யாணச் சவாரி போயிருந்தன, திரும்ப இரண்டு மணி. நேரடி பஸ் பத்தேகாலுக்கே போயாச்சு, அடுத்தது ஒன்றரைக்கு. ஒர்க்‌ஷாப்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர். இன்றைக்கும் அப்படியே.

"ஆட்டோ புடிச்சுப் பெரிய ரோட்டுக்குப் போயிடலாமே" என்றாள் அவள். படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தாள். "போற வர்ற பஸ்ஸு எதாவது ஒண்ணு நிக்காதா?"

"அங்க ஸ்டாப் கிடையாதுக்கா. எல்லாம் எக்ஸ்பிரஸ்ஸு. கையைக் காட்டினா பதிலுக்குக் கையைக் காட்டிட்டுப் போவான்."

"நீ ரோட்டுல நின்னு கையைக் காட்டிட்டு இருக்க வேண்டாம்" என்றார் மில்காரர். "இருபது நிமிஷம். நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் வாட்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்படியும் தெரியவில்லை போல, தம்பியிடம் மணி கேட்டாள். பத்து நாற்பது.

டென்ஷனர் கையில் சதுர ஓட்டை ஒன்று இருப்பதைக் கண்டக்டர்தான் கண்டுபிடித்தான். மில்காரரின் பெட்டியிலிருந்த ஸ்பேனர் பிடி அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அழுத்தினால் கை விலகியது. அவ்வளவுதான் விஷயம். "இதுக்கா கத்தியை எடுத்தீங்க" என்று கேட்க வந்தவன், அத்தான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அடுத்தது தடம். பானட்டின் உட்புறம் பெல்ட் போகிற வழியைப் படமாகப் போட்டு ஒட்டியிருப்பார்கள். முந்தைய சொந்தக்காரர் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது அதன்மேலும் அடித்திருந்தார். மில்காரர் நகத்தால் சுரண்டினார். பெயிண்ட்டோடு படமும் உரிந்து வந்தது.

"போன்ல பாப்போம்" என்று கண்டக்டர் தேட ஆரம்பித்தான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். "கிடைச்சுடுச்சு. இதே மாடல், இதே எஞ்சின். பாருங்க."

மில்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது தப்பு."

"எப்படி அத்தான் தப்பு?"

"பாரு. தண்ணி பம்ப்புக்கு வரும்போது பெல்ட்டு வெளிப்பக்கமாப் போகுது. முதுகு போய் சக்கரத்துல படுது. முதுகால எந்தப் பெல்ட்டுடா வேலை செய்யும்? உள்பக்கம் இந்த வரி வரியான பள்ளம் எதுக்கு இருக்கு? பிடிக்கிறதுக்கு. வரி இருக்கிற பக்கம்தான் எல்லாத்தையும் சுத்தணும். எவனோ வேலை வெட்டி இல்லாதவன் வரைஞ்சு போட்டிருக்கான்."

"வேலை வெட்டி இல்லாதவன் பதினோரு பேர் ஒரே மாதிரி வரைஞ்சிருக்காங்களே."

"பதினோரு பேர்ல எத்தனை பேரு மில்லு வச்சிருக்கான்?"

கண்டக்டர் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தான். "ஆனா இந்தப் பம்ப்புச் சக்கரத்துல மட்டும் வரியே இல்லையே."

"தேஞ்சிருக்கும். வண்டிக்கு என்ன வயசு, பதிமூணு. உனக்கே முன்மண்டை தேய ஆரம்பிச்சுடுச்சு."

படியில் இருந்தவள், "படத்தை ஒரு தடவை நல்லாப் பாத்துடுங்களேன்" என்றாள்.

"பெல்ட்டைப் பத்தி எனக்குப் படம் காட்டாதீங்க ரெண்டு பேரும்" என்றார் மில்காரர்.

அவர் மாட்டிய வழியில் பெல்ட் நான்கு சக்கரங்களையும் தனக்குள்ளே வைத்து, வரிப்பக்கத்தால் அணைத்துக்கொண்டு, பெரிய வளையமாக, பார்க்க அழகாகவே இருந்தது. டென்ஷனரில் ஒரு முள் குறி உண்டு. அது இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். நடுவில் நிற்காமல் ஒரு விரல் தள்ளி நின்றது. புது பெல்ட் அப்படித்தான், இரண்டு நாளில் இளகி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். மில் பெல்ட் இளகும். கேன்வாஸ். இது ரப்பர் என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை.

மணி பதினொன்று முப்பத்தைந்து. சாவியைத் திருப்பினார்.

கீச்சுச் சத்தமே இல்லை. எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"எப்படி?" என்றார் மில்காரர்.

"முதல்ல ஊர் போய்ச் சேருவோம்" என்றாள் அவள். முன்சீட்டில் உட்கார்ந்தாள். பையைத் தம்பியிடம் கொடுத்துப் பின்சீட்டில் வைக்கச் சொன்னாள். வண்டி கிளம்பியது.

பெரிய ரோட்டைத் தொட்டதும் மில்காரர் எண்பதில் விரட்டினார். நூறு கிலோமீட்டர் மிச்சம் என்று பலகை காட்டியபோது மணி பன்னிரண்டு ஐந்து. கணக்குப்படி இரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரி வாசல். அவர் விசிலடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. வெப்ப முள்.

பாதிக்கு மேல் நின்றது.

வெயில், என்று சொல்லிக்கொண்டார். ஏ.சி.யை அணைத்தார். கண்ணாடிகளை இறக்கினார்கள். அனல் காற்று முகத்தில் அறைந்தது. முள் கொஞ்சம் இறங்கியது மாதிரி இருந்தது. லாரி ஒன்றை முந்தினார். முள் முக்காலுக்குப் போனது.

"என்னாச்சு?" அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"நீங்க 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

சிவப்பைத் தொட்டபோது ஓரம் கட்டினார். பானட்டைத் திறந்தால், குக்கர் மூடியிலிருந்து வருகிற மாதிரி புஸ் என்று ஆவி. ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவரைக் கண்டக்டர் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். "முகம் வெந்துடும் அத்தான். இங்க கண்ணு ஆபரேஷனுக்கு ஆள் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காங்க."

ஒரு மரம் கூட இல்லாத இடம். கால் மணி நேரம் நின்றார்கள். மூன்று பேருக்கும் நிற்க முடியவில்லை. மில்காரர் எஞ்சினுக்கும் ரோட்டுக்கும் நடந்தார். கண்டக்டர் மணி பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி மணி பார்த்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டிகளின் சத்தத்துக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு துணியைச் சுற்றி மூடியைத் திறந்து, கையிலிருந்த ஒரே தண்ணீர் பாட்டிலை மில்காரர் மெதுவாக உள்ளே ஊற்றினார். தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டு அவள் எச்சில் விழுங்கினாள். காலையிலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை.

"ஹீட்டரைப் போட்டுட்டு ஓட்டுங்க" என்றான் கண்டக்டர். "எங்க டிரைவருங்க அப்படித்தான் செய்வாங்க. எஞ்சின் சூட்டை எல்லாம் உள்ள இழுத்துடும். நம்ம வேகுறோம், வண்டி பொழைச்சுக்கும்."

போட்டார்கள். ஏழு கிலோமீட்டர் ஓடியது. முள் மறுபடி சிவப்பில்.

மறுபடி ஓரம். மணி பன்னிரண்டு ஐம்பது. இன்னும் எண்பத்தைந்து கிலோமீட்டர்.

மில்காரர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒன்று இடித்தது. கையை நீட்டி ஹீட்டர் காற்று வருகிற இடத்தில் வைத்தார். வெதுவெதுப்பு. அவ்வளவுதான். முன்னால் எஞ்சின் கொதிக்கிறது. அந்தத் தண்ணீர்தானே குழாய் வழியாக ஹீட்டருக்கு வர வேண்டும்? வந்தால் கை சுட வேண்டும். சுடவில்லை என்றால் தண்ணீர் வரவில்லை. உள்ளே தண்ணீர் இருக்கிறது, ஆனால் நகரவில்லை.

பம்ப் சுற்றுகிறது. தண்ணீர் நகரவில்லை.

இறங்கிப் போய், விரல் நுனியால் தண்ணீர் பம்ப்பின் சக்கரத்தைத் தொட்டார். சுட்டது. எடுக்கவில்லை. வருடிப் பார்த்தார். தேய்ந்த சக்கரத்தை அவருடைய விரலுக்குத் தெரியும். மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரு ஓரம் மிச்சமிருக்கும். இதில் மேடும் இல்லை, ஓரமும் இல்லை. கண்ணாடி வழுவழுப்பு. வரியே இல்லாமல் பிறந்த சக்கரம். பதிமூன்று வருடமாக அதன்மேல் ஓடியது பெல்ட்டின் முதுகு.

வெளிப்பக்கமாக, முதுகால் சுற்றினால் பம்ப் ஒரு திசை. உள்பக்கமாக, வரியால் சுற்றினால் எதிர்த் திசை. காலையிலிருந்து பம்ப் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மில்லில் அரவையைத் திருப்பிச் சுற்ற வைக்க பெல்ட்டைக் குறுக்காக மாற்றிப் போடுகிறவர் அவர். வருடத்துக்கு நாலு தடவை செய்கிற வேலை.

"தப்பா மாட்டிட்டேன்" என்றார்.

கண்டக்டர் வாயைத் திறந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். மூடிக்கொண்டான்.

"சரி பண்ண எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"மாட்டறது பத்து நிமிஷம். எஞ்சின் ஆறணும். கை வைக்க முடியாது. அரை மணி, முக்கால் மணி..."

"மணி என்ன தம்பி?"

"பன்னெண்டு அம்பத்தஞ்சு."

"அப்போ நான் கிளம்புறேன்."

"எப்படிக் கிளம்புவே? எக்ஸ்பிரஸ் எதுவும் நிக்காதுன்னு அவனே சொன்னானே. அரை மணி நேரம் பொறு. சரி பண்ணிட்டு நூறுல போறேன். நான் கொண்டுபோய்ச் சேக்கறேன் உன்னை. சொன்னா சொன்னதுதான்."

அவள் அவர் நின்ற பக்கம் திரும்பினாள். அவளுக்கு அவர் ஒரு கறுப்பு உருவம், பின்னால் வெயில்.

"மூணு வாரம் அந்தப் பெல்ட்டு என் தலைக்கு மேலதான் தொங்குச்சு. ஒவ்வொரு தடவை சமையலறைக்குப் போகும்போதும் நெத்தியில இடிக்கும். நான் கேட்டேனா? இன்னைக்குக் காலையில இருபது நிமிஷம்னு சொன்னீங்க. ஒரு மணி நேரம் ஆச்சு. கேட்டேனா? உங்க மேல கோவம் இல்ல. ஆனா இந்தக் கண்ணை வச்சு உங்களுக்கு இன்னொரு அரை மணி நேரம் குடுக்க முடியாது."

எஞ்சினுக்குள் எதுவோ டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

தூரத்தில் ஒரு ஹார்ன். நீண்ட, தடித்த ஹார்ன். கண்டக்டர் கண்ணைச் சுருக்கினான். "எக்ஸ்பிரஸ். நம்ம டிப்போ வண்டிதான். டிரைவர் யாருன்னுதான் தெரியல." சட்டென்று பேண்ட் பாக்கெட்டைத் துழாவினான். லீவு நாளிலும் அவன் பாக்கெட்டை விட்டுப் போகாத ஒன்று கையில் வந்தது. விசில்.

"என்னடா பண்ணப் போறே?"

"டிரைவருக்குக் கையைக் காட்டினா நிக்க மாட்டான். ஆனா வருஷக்கணக்கா ஒத்தை விசிலுக்கு பிரேக் அடிச்சுப் பழகின காலு அது. யார் ஊதினாலும் அடிக்கும்."

பஸ் அசுர வேகத்தில் வந்தது. கடந்துபோகிற அந்த நொடியில் கண்டக்டர் கன்னம் புடைக்க ஊதினான். நீளமாக, ஒற்றையாக.

பஸ் இருநூறு அடி தள்ளிப் போய்க் கிறீச்சிட்டு நின்றது. உள்ளேயிருந்த கண்டக்டர் தன் வாயிலிருந்த விசிலை எடுத்துப் பார்த்துவிட்டு, நான் ஊதவில்லையே என்கிற முகத்தோடு படியில் எட்டிப் பார்த்தான். டிரைவர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். இவன் அதற்குள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். "ஓடுறேன், ஓடுறேன், இழுக்காதடா" என்றபடி அவள், தெரியாத தரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடினாள். படியேறினாள். இரட்டை விசில். பஸ் போய்விட்டது.

ரோடு காலியாக இருந்தது. மில்காரர் போட்டதைப் போட்டபடி நின்றார்.

எஞ்சின் ஆறக் காத்திருப்பது அவரால் முடியாத காரியம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தார். இரண்டு விரல் கொப்பளித்தது. மச்சானுக்குப் போன் போட்டார். அணைந்திருந்தது. காலையில் பதினோரு படத்தையும் இவருக்குக் காட்டிக் காட்டியே அதில் சார்ஜ் தீர்ந்திருக்கும். எதிரே வந்த லாரி ஒன்றை நிறுத்தித் தண்ணீர் வாங்கினார். ஒன்றே முக்காலுக்குத்தான் கை உள்ளே நுழைந்தது.

இந்தத் தடவை தடத்தைச் சக்கரம் சக்கரமாக யோசித்துப் போட்டார். அடிச்சக்கரம், வரிப்பக்கம். டைனமோ, வரிப்பக்கம். பம்ப், வெளியே, முதுகுப்பக்கம். தனி ஆளுக்கு அது நரகம். ஒரு கை டென்ஷனரை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பெல்ட்டை ஏற்ற வேண்டும், ஏற்றும்போது கீழே கழன்று விழும். கர்ச்சீப்பை அடிச்சக்கர இடுக்கில் திணித்து நிறுத்தினார். மூன்று முறை நழுவியது. நான்காவது முறை எல்லாம் உட்கார்ந்து, கடைசிச் சக்கரத்தில் பாதி ஏறிவிட்டது. இன்னும் ஒரு அரை அங்குலம்.

பின்சீட்டில் போன் அடித்தது.

அவருடைய போன் அவர் பாக்கெட்டில் இருந்தது. இது அவளுடையது. பை. பையை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை.

கையை விட்டால் எல்லாம் கழன்றுவிடும். நாலு முறை அடித்தது. ஐந்தாவதுக்கு அவர் கையை விட்டார். பெல்ட் சுருண்டு கீழே விழுந்தது. ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்துப் போனை எடுத்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து சிஸ்டர் பேசுறேன். எங்க வந்துட்டிருக்கீங்க?"

"அவங்க பஸ்ல வந்துட்டிருக்காங்க. மூணு மணிக்குள்ள வந்துடுவாங்க."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரர்."

"அவங்க போன் உங்ககிட்ட இருக்கு. நீங்க பஸ்ல இல்ல. கூட யாரு வர்றா?"

"அவங்க தம்பி. அவர் போன்ல சார்ஜ் இல்ல."

மறுமுனையில் பெருமூச்சு. "சார், எல்லாருமே வந்துட்டிருக்கோம்னுதான் சொல்வாங்க. போன வாரம் ஒருத்தர் அப்படிச் சொல்லிட்டு வீட்டுல குளிச்சிட்டிருந்தார். அடுத்த பேஷண்ட் பக்கத்திலேயே இருக்கார். இப்பவே சொன்னாத்தான் அவர் சாப்பிடாம இருப்பார். உண்மையைச் சொல்லுங்க. அவங்க கிளம்பிட்டாங்களா?"

வழியில் மறியல் என்று சொல்லலாம். டயர் பஞ்சர் என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கினார்.

"சிஸ்டர், நான் மாவு மில்லு வச்சிருக்கேன். காலையில நீங்க போன் பண்ணும்போது வண்டி பெல்ட்டை நானே மாத்திட்டிருந்தேன். தண்ணி பம்ப்புக்குப் பெல்ட்டோட முதுகு படணும். படத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு, மச்சான் காட்டினான், நான் கேக்கலை. முதுகு வேலை செய்யாதுன்னு வரிப்பக்கம் போட்டுட்டேன். பம்ப்பு தலைகீழா சுத்தி எஞ்சின் கொதிச்சுப் போச்சு. எண்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும்போது நின்னுட்டோம். அவ எனக்காகக் காத்திருக்கலை. எக்ஸ்பிரஸ் பஸ்ஸை விசிலடிச்சு நிறுத்தி ஏறிட்டா. மணி ஒண்ணு அப்போ. நான் இன்னும் ரோட்டுலதான் நிக்கிறேன். நான் வர லேட்டாகும். ஆனா அவ வந்துடுவா. தண்ணிகூடக் குடிக்கலை அவ. அடுத்தவரைக் கூப்பிட்டுடாதீங்க."

"முதுகா?" என்றார் சிஸ்டர்.

"ஆமா. பின்பக்கம். வழவழன்னு இருக்கிற பக்கம்."

"இவ்வளவு விவரமா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க." குரலில் சிரிப்பா, அலுப்பா, தெரியவில்லை. "மூணு மணி வரைக்கும் வைக்கிறேன். மூணு ஒண்ணுன்னா என்னால முடியாது. டாக்டர் கேப்பார்."

போன் அணைந்தது. மில்காரர் பையிலிருந்து சிதறியதை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டார். சீப்பு, மருந்துச் சீட்டு, கண்ணில் விடும் சொட்டு மருந்து. பிறகு திரும்பிப் போய், கீழே கிடந்த பெல்ட்டை எடுத்து முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஏறியது. டென்ஷனர் முள் இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து நின்றது. அதை இரண்டு தடவை பார்த்தார்.

இரண்டே காலுக்கு வண்டி கிளம்பியது. ஹீட்டரைப் போட்டுக் கையை வைத்தார். சுட்டது. அணைத்தார். முள் பாதியில் நின்றது, நின்ற இடத்திலேயே நின்றது. ஆனாலும் அவர் ரோட்டைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டே முக்கால். இரண்டு ஐம்பது. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த பஸ்ஸும் இதில் மாட்டியிருக்குமா? கேட்காரரிடம் இறங்கிப் போய்க் கேட்டார். "எத்தனையோ பஸ்ஸு போகுது" என்றார் அவர். மூன்று மணி ஆனது. மூன்று ஐந்து. அவள் போன் பக்கத்து சீட்டில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அது நல்லதற்கா, கெட்டதற்கா? தெரிந்துகொள்ள நாமே கூப்பிடலாம். இரண்டு தடவை போனை எடுத்தார். இரண்டு தடவையும் திரும்ப வைத்தார்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார். நீள வராந்தா. பெஞ்சில் மச்சான் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஆள் இல்லை.

மில்காரர் நின்றுவிட்டார்.

"எங்கடா அவ?"

கண்டக்டர் வாய் நிறைய பன்னோடு, கதவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் கையால் காட்டினான். விழுங்கிவிட்டுச் சொன்னான். "ரெண்டு அம்பத்தேழுக்கு வந்து சேந்தோம். ஸ்டாண்டுலேர்ந்து ஓட்டம். நான் ஆட்டோவுல ஏறச் சொன்னா, அக்கா 'வண்டியே வேண்டாம்டா இன்னைக்கு'ங்குது. மூணேமுக்காலுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

மில்காரர் உட்கார்ந்தார். எழுந்தார். கதவு வரைக்கும் போனார். திரும்பினார். "உக்காருங்க அத்தான், எனக்குத் தலை சுத்துது" என்றான் கண்டக்டர். உட்கார்ந்தார். எழுந்தார்.

ஒரு சிஸ்டர் தட்டோடு கடந்து போனார். மில்காரரின் முழங்கை வரைக்கும் அப்பியிருந்த கறுப்பைப் பார்த்து நின்றார்.

"நீங்கதானா பெல்ட்டு?"

"ஆமா சிஸ்டர்."

"அந்தக் கையோட உள்ள வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. தள்ளுகட்டிலில் அவள். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு, அதன்மேல் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி. பின்னால் வந்த டாக்டர், தையல் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, காலையில் கட்டைப் பிரித்துப் பார்ப்போம் என்று நடந்துகொண்டே சொன்னார். மில்காரர் கட்டிலோடு கூடவே நடந்தார்.

அவள் இடது கண்ணை அவர் பக்கம் திருப்பினாள். ஆள் தெரிந்திருக்கும்.

"வந்துட்டீங்களா?"

"ம்."

"வண்டியிலயா?"

"வண்டியிலதான்."

"படத்தைப் பாத்திருந்தா காலையிலேயே முடிஞ்சிருக்கும்."

"ஆமா" என்றார்.

அவள் காத்திருந்தாள். அவர் 'ஆமா' சொன்னால் பின்னாலேயே ஒரு 'ஆனா' வரும். கட்டில் வராந்தா முனையில் திரும்பியது, வார்டு வாசல் வந்தது, சக்கரம் ஒன்று கதவில் இடித்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடிக்கப் போய், கையைப் பார்த்து, எடுத்துக்கொண்டார்.

"தண்ணி குடிக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றாள் அவள். "போய்க் கையைக் கழுவிட்டுக் கொண்டுவாங்க."